அடைத்த கதவும் தட்டும் கையும்

கதை கேட்டு வளராத குழந்தை உலகில் எங்கும் இல்லை. நேற்றுப் பாட்டியின் மடியில் கேட்ட கதையை இன்று குழந்தைகள் திரையில் காண்கின்றனர். கருவி மாறியதேயன்றி வேட்கை மாறவில்லை. ஆயினும், ‘குழந்தைகள் பார்க்கும் பொம்மைப் படந்தானே’ என்று பெரியோர் பலரும் இப்படங்களைப் பொருட்படுத்துவதில்லை. நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றியது ஓர் இல்லம்.

மயிலாப்பூரில் நண்பர் ஒருவரின் வீட்டிற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் அடிக்கடி சென்று வருவோம். நாம் சென்று அமர்ந்தவுடன் கூடத்தை ஒட்டிய அறையின் கதவு சாத்தப்படும். உள்ளிருந்து தொலைக்காட்சியின் ஒலி கேட்கும். ஒவ்வொரு முறையும் ஒரே படம், ஒரே பாட்டு. நான்காம் முறை சென்றபோதுதான் உள்ளே ஒரு பெண் குழந்தை இருப்பதை அறிந்தோம். வயது ஏழு. பேச்சு வரவில்லை. கண்ணோடு கண் நோக்குவதில்லை. புதியவர் குரல் உயர்ந்தால் இரு காதுகளையும் பொத்திக்கொள்வாள். ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் என்று மருத்துவர்கள் கூறியிருந்தனர்.

“வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சலித்துவிட்டது, சார். கதவைச் சாத்திவிட்டால் அவளுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி” என்றார் நண்பர்.

அவர் அன்பில்லாத தந்தை அல்லர். மகளின் பொருட்டு எத்தனையோ மருத்துவமனைப் படிகளை ஏறி இறங்கியவர். அக்கதவை அவர் சாத்தியதும் அன்பினால்தான். அன்று இரவு, அக்குழந்தை திரும்பத் திரும்பப் பார்க்கும் படம் யாது என அறிய விரும்பி நாமும் அதனைப் பார்த்தோம். அப்படத்தின் கதையே சாத்திய கதவொன்றைப் பற்றியது என்பதைக் கண்டு திடுக்கிட்டோம். அதன் பெயர் ‘ஃப்ரோசன்’. ‘உறைந்தது’ என்று அதனைத் தமிழாக்கலாம்.

படம் பிறந்த வரலாறு

வால்ட் டிஸ்னி நிறுவனம் 2013ஆம் ஆண்டு இப்படத்தை வெளியிட்டது. கிறிஸ் பக், ஜெனிபர் லீ ஆகிய இருவரும் இதன் இயக்குநர்கள். 2014இல் சிறந்த அசைவூட்டத் திரைப்படத்திற்கும் சிறந்த பாடலுக்கும் உரிய ஆஸ்கர் விருதுகளை இது பெற்றது. இதன் இரண்டாம் பாகம் 2019 நவம்பரில் இந்தியாவில் வெளியானபோது தமிழிலும் பேசிற்று. சென்னையில் பிறந்த நடிகையும் பாடகியுமான சுருதிஹாசன், கதைத்தலைவி எல்சாவுக்குத் தமிழில் குரல் கொடுத்துப் பாடல்களையும் பாடினார். ஆகவே தியாகராய நகரிலும் அடையாற்றிலும் மயிலாப்பூரிலும் வாழும் குழந்தைகளுக்கு எல்சா அயல்நாட்டு அரசகுமாரி மட்டும் அல்லள். தமிழ் பேசும் தோழியும் ஆவாள்.

இக்கதையின் வேர் டென்மார்க்கில் உள்ளது. ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1844இல் எழுதிய ‘பனி அரசி’ என்னும் கதையே இதற்குத் தூண்டுகோல். ஆண்டர்சன் ஏழைச் செருப்புத் தொழிலாளியின் மகனாக 1805இல் பிறந்தவர். கூட்டத்தோடு ஒட்டாத குழந்தையின் துயரை அவரைப்போல் எழுதியவர் சிலரே. ‘அழகற்ற வாத்துக்குஞ்சு’ என்னும் அவருடைய புகழ்பெற்ற கதை 1843இல் வெளிவந்தது. பிறரால் கொத்தப்பட்டும் விரட்டப்பட்டும் திரிந்த ஒரு குஞ்சு, இறுதியில் தான் வாத்து அன்று, அன்னம் என்று உணர்வதே அக்கதை. இதனை டிஸ்னி நிறுவனம் 1931இலும் 1939இலும் இருமுறை குறும்படமாக்கியது. பின்னது ஆஸ்கர் விருதும் பெற்றது.

‘பனி அரசி’யைப் படமாக்க முனைந்தபோது, தொடக்கத்தில் எல்சாவைக் கொடியவளாகவே எழுதியிருந்தனர். பனியை ஏவி நாட்டை வருத்தும் சூனியக்காரியாக அவள் இருந்தாள். அவளுக்கென இயற்றப்பட்ட பாடலைக் கேட்ட பின்னரே படக்குழுவினர் கருத்தை மாற்றிக்கொண்டனர். அப்பாடலில் ஒலித்தது கொடியவளின் குரல் அன்று. நெடுநாள் ஒளித்து வைக்கப்பட்ட ஒருத்தியின் குரல். உடனே கதை முழுவதும் திருத்தி எழுதப்பட்டது. ஒருத்தியின் பாட்டைக் காது கொடுத்துக் கேட்டவுடன், கொடியவள் என எண்ணப்பட்டவள் துயருற்றவள் எனத் தெரியவந்தாள். படம் பிறந்த இவ்வரலாறே ஒரு பாடம் அன்றோ?

கதைச் சுருக்கம்

அரண்டேல் என்னும் நாட்டின் அரசகுமாரியர் எல்சா, அன்னா என்னும் இருவர். மூத்தவளாகிய எல்சாவுக்குப் பனியையும் பனிக்கட்டியையும் உண்டாக்கும் ஆற்றல் பிறவியிலேயே அமைந்திருந்தது. ஒருநாள் விளையாட்டின்போது அவளுடைய ஆற்றல் தவறுதலாகத் தங்கையின் தலையில் பட்டுவிடுகிறது. தங்கை பிழைக்கிறாள், ஆனால் தமக்கையின் ஆற்றலைப் பற்றிய நினைவு அவளிடமிருந்து நீக்கப்படுகிறது.

அஞ்சிய பெற்றோர் அரண்மனையின் வாயில்களை அடைக்கின்றனர். பணியாளரைக் குறைக்கின்றனர். எல்சாவைத் தனி அறையில் வைக்கின்றனர். அவள் கைகளுக்கு உறை மாட்டுகின்றனர். உன்னிடம் உள்ளதை மறை, எவரும் அறியலாகாது என்பதே அவளுக்குக் கிடைத்த கல்வி. தங்கையோ ஆண்டுதோறும் அவ்வறையின் கதவைத் தட்டி விளையாட அழைக்கிறாள். கதவு திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்பதும் அவளுக்குத் தெரியவில்லை.

பெற்றோர் கடலில் மாண்டபின், எல்சா முடிசூடும் நாளில் கையுறை கழன்றுவிடுகிறது. உண்மை வெளிப்படுகிறது. ஊரார் அஞ்சி விலக, அவள் மலைக்கு ஓடித் தனக்கெனப் பனிமாளிகை எழுப்பிக்கொள்கிறாள். நாடோ கோடையிலும் பனியில் உறைகிறது. தமக்கையைத் தேடிச் சென்ற அன்னாவின் நெஞ்சில் எல்சாவின் பனி மீண்டும் தவறுதலாகப் பாய்கிறது. மெய்யன்பின் செயல் ஒன்றே அவளைக் காக்கும் என்னும் நிலை. தன்னைக் காக்க வருபவனிடம் ஓடிச்சேர வேண்டிய அந்நொடியில், தமக்கையை வெட்ட ஓங்கிய வாளைக் கண்டு, அன்னா குறுக்கே பாய்ந்து பனிச்சிலையாகிறாள். தமக்கை கட்டியழ, உறைந்தவள் உயிர்க்கிறாள். அன்பினால் பனி உருகும் என்பதை எல்சா உணர்கிறாள். நாடு கோடைக்குத் திரும்புகிறது. அரண்மனை வாயில்கள், இனி அடைக்கப்படா என்னும் உறுதியோடு, திறந்து வைக்கப்படுகின்றன.

அசைவூட்டம் என்னும் கலை

இதனை நடிகர்களைக் கொண்டே எடுத்திருக்கலாமே என்று வினவலாம். அசைவூட்டம் என்பது சற்றே வேறுபட்ட பல படங்களை நொடிக்கு 24 வீதம் காட்டி, அசைவது போன்ற தோற்றத்தை உண்டாக்கும் கலை. முன்னர்க் கையால் வரைந்தனர். இன்று கணிப்பொறியால் வரைகின்றனர். இக்கலையில் உள்ளத்து உணர்ச்சியைப் புறப்பொருளாகவே காட்ட இயலும். எல்சா அஞ்சும்போது அறையின் சுவர் உறைகிறது. அவள் கலங்கும்போது மாளிகையில் விரிசல் ஓடுகிறது. தனிமை என்னும் சொல்லின் பொருள் அறியாத ஐந்து வயதுக் குழந்தையும் சுவரில் படரும் பனியைப் பார்த்து அவள் துயரைப் புரிந்துகொள்கிறது. அகத்திணைப் புலவர்கள் தலைவியின் உள்ளத்தைக் கருப்பொருளின் வழியே காட்டிய நெறிக்கும் இதற்கும் உறவுண்டு என்று தமிழ் மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

பனித்துகளின் வடிவங்களைப் பற்றிப் படக்குழுவினர் இயற்பியல் அறிஞர்களிடம் கேட்டறிந்து, ஏறத்தாழ 2000 வகைப் பனித்துகள் வடிவங்களைக் கணிப்பொறியில் உருவாக்கினர். இயற்கையிலும் ஒன்றைப்போல் மற்றொரு பனித்துகளைக் காண்பது அரிது. வேறுபாடு விதிவிலக்கு அன்று. அதுவே இயற்கை என்பதற்குப் படத்தின் ஒவ்வொரு துகளும் சான்று கூறுகிறது.

ஏற்பதற்கு விலை உண்டோ?

இங்கே நாம் ஒரு பொருளை நுணுகி நோக்குதல் வேண்டும். வேறுபட்ட குழந்தையைப் பற்றிய கதைகள் பலவற்றில் ஒரு குறை உண்டு. அழகற்ற வாத்துக்குஞ்சு அன்னமாக மாறிய பின்னரே போற்றப்பட்டது. 1941இல் வெளிவந்த ‘டம்போ’ என்னும் படத்தில், பெரிய காதுகள் கொண்ட யானைக்கன்றை அனைவரும் எள்ளுகின்றனர். கன்றுக்காகச் சினந்த தாயைக் கட்டி அடைக்கின்றனர். அக்காதுகளைச் சிறகாக்கிக் கன்று வானில் பறந்த பின்னரே உலகம் அதனைக் கொண்டாடுகிறது. பறக்க இயலாத யானைக்கன்றின் கதி என்ன? அன்னமாக மாறாமல் வாத்தாகவே வளர்ந்த குஞ்சின் கதி என்ன? கதை அதற்கு விடை கூறவில்லை.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பது நம் பழமொழி. அது பொன்னாக மாறிய பின்னர் அன்று; காக்கைக் குஞ்சாக இருக்கும்போதே பொன். ‘ஆட்டிசம் உள்ள குழந்தைகள் எல்லாரும் மேதைகளாமே, உங்கள் பிள்ளைக்கு என்ன திறமை?’ என்று நம்மவர் சிலர் ஆறுதலாக எண்ணிக் கேட்பதுண்டு. பெற்றோருக்கு அது ஆறுதலன்று, மற்றுமொரு தேர்வு. திறமை இருந்தால்தான் ஏற்போம் என்பது வாணிகம், அன்பு அன்று.

‘ஃப்ரோசன்’ இக்குறையிலிருந்து பெரும்பாலும் தப்பியுள்ளது. அன்னா கதவைத் தட்டியபோது தமக்கையின் ஆற்றலைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. வாளின் குறுக்கே பாய்ந்தபோதும் தமக்கையின் பனியால் நாட்டுக்கு நன்மை ஏதும் விளைந்திருக்கவில்லை, கேடே விளைந்திருந்தது. தமக்கை என்னும் ஒன்றே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. எல்சாவைத் தனிமைப்படுத்தியது அவளுடைய ஆற்றல் அன்று. அதனை மறைக்கச் சொன்ன அச்சம். இப்படம் கூறும் உண்மை இதுவே என்பது நம் கருத்து.

இவ்வகையில் மற்றொரு குறும்படமும் குறிப்பிடத்தக்கது. பிக்சார் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ‘லூப்’ என்பது அதன் பெயர். பேசாத, ஆட்டிசம் உள்ள ரெனே என்னும் சிறுமியும், வாயாடியான மார்க்கஸ் என்னும் சிறுவனும் ஒரே படகில் செல்ல நேர்கிறது. மாயம் இல்லை, மந்திரம் இல்லை. சிறுமி மாறுவதும் இல்லை. சிறுவன்தான் மெல்லக் கவனிக்கக் கற்கிறான். ரெனேயின் பாத்திரத்திற்கு ஒலி தந்தவரும் ஆட்டிசம் உள்ள, பேசாத இளம்பெண்ணே என்பது போற்றுதற்குரியது.

எட்டும் இருபத்தொன்றும்

வேறுபாட்டைக் கண்டு பெயரிடும் வழக்கம் நம்மிடையே தொன்மையானது. புறநானூற்றின் 28ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், பிறவிக் குறைகளை எட்டு வகையாக எண்ணிக் கூறுகிறார். குருடு, செவிடு, கூன், குறள், ஊமை என அப்பட்டியல் செல்கிறது. அவற்றை ‘எச்சம்’ என்னும் சொல்லால் அவர் குறித்தார். எச்சம் என்பது குறைந்தது என்னும் பொருளது. அக்காலத்தின் அறிவு அவ்வளவே.

இந்திய நாட்டில் 1995இல் இயற்றப்பட்ட சட்டம் ஏழு வகைகளை ஏற்றது. 2016இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைகளை ஏற்கிறது. ஆட்டிசமும், எழுத்துகளைப் படிப்பதில் இடர்ப்படும் கற்றல் குறைபாடும் இவற்றுள் அடங்கும். அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் இத்தகைய மாணவர்க்கு 5 விழுக்காட்டிற்குக் குறையாமல் இடம் ஒதுக்கப்பட வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி. குறைபாட்டின் அளவு 40 விழுக்காட்டிற்குக் குறையாதிருத்தல் அதற்குரிய தகுதியாகும். தமிழ்நாட்டில் ‘ஊனமுற்றோர்’ என்னும் சொல் மறைந்து ‘மாற்றுத்திறனாளிகள்’ என்னும் சொல் ஆட்சிக்கு வந்துள்ளது. சொல் மாறிவிட்டது. கூடத்தை ஒட்டிய அறைக்கதவு திறந்ததா என்பதே வினா.

நம் நகரில் தட்டும் கைகள்

கதவு திறக்க முடியும் என்பதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அடையாற்றில் உள்ள பால வித்யாலயா, செவித்திறன் குறைந்த குழந்தைகளை ஐந்து வயதுக்குள் பேசப் பழக்கும் நோக்கத்துடன் 1969இல் தொடங்கப்பட்டது. மொழியைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் மூளையில் ஓங்கி நிற்பது முதல் சில ஆண்டுகளில்தான். அதற்குள் குறையைக் கண்டறிந்து, கேட்புக் கருவி பொருத்தி, இடைவிடாது பேச்சொலியைச் செவியில் விழச் செய்தால் குழந்தைகள் பலர் பேசக் கற்று, பின்னர்ப் பொதுப்பள்ளிக்குச் செல்ல இயலும். அங்கே பெற்றோரும் குழந்தையோடு இருந்து பயில்கின்றனர். கற்றதை வீட்டில் தொடர்கின்றனர். வீடே பள்ளியாகிறது.

கோட்டூர்புரத்தில் உள்ள வித்யாசாகர் 1985இல் தொடங்கப்பட்டது. மூளை முடக்குவாதம் முதலியவற்றால் இயங்கவோ பேசவோ இயலாதவர்க்குக் கல்வி அளிப்பது அது. வாய் பேசாதவர்க்கும் சொல்லுதற்குச் செய்தி உண்டு. படங்களும் சொற்களும் வரைந்த பலகையைக் கண்ணாலும் விரலாலும் சுட்டி அவர்கள் உரையாட இயலும். மயிலாப்பூரில் கிளார்க் பள்ளியும், அடையாற்றில் புனித லூயி நிறுவனமும் செவித்திறன், பார்வைத்திறன் முதலியவற்றில் குறையுடையோர்க்குப் பல்லாண்டுகளாகப் பணி ஆற்றி வருகின்றன.

தியாகராய நகரில் இயங்கும் சென்னை டிஸ்லெக்சியா சங்கம் ஆசிரியராகிய நாம் அனைவரும் அறிய வேண்டிய ஒன்று. டிஸ்லெக்சியா உடைய மாணவனுக்கு அறிவு குறைவன்று. கண் பார்த்த எழுத்தை ஒலியோடு பொருத்துவதில்தான் அவனுக்கு இடர். ண, ந, ன மயங்கும், வரி தவறும், எழுதும் வேகம் குறையும். இக்குறை உடையவர்க்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், எழுத உதவுநர் முதலிய சலுகைகள் உண்டு. அவற்றைக் கேட்டுப் பெறுதற்கு முதலில் குறையை இனங்காண வேண்டும். இனங்காணாத ஆசிரியர் என்ன செய்வார்? ‘சோம்பேறி’ என்பார், ‘மக்கு’ என்பார். நாமும் நம் பணிக்காலத்தின் தொடக்கத்தில், பிழையின்றி ஒரு பக்கமும் எழுத இயலாத மாணவன் ஒருவனை வகுப்பில் பலர் முன்னிலையில் அவ்வாறு அழைத்ததுண்டு. வாய்மொழியாகக் கேட்டால் அவன் எல்லாவற்றிற்கும் விடை கூறுவான். அதற்குக் காரணம் என்ன என்று நாம் அன்று எண்ணிப் பார்க்கவில்லை. அவன் படிப்பை முடிக்கவில்லை. அவன் முன் கதவைச் சாத்தியவர்களுள் நாமும் ஒருவர்.

நிறைவாக

இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் சமுதாயப் பெரியோர்களுக்கும் நாம் கூற விரும்புவன சிலவே. மாணவச் செல்வங்களே, வகுப்பில் தனியே அமர்ந்திருப்பவரிடம் சென்று அமருங்கள். அவர் பேசாவிடினும் அமருங்கள். ஆசிரியப் பெருமக்களே, விடைத்தாளைத் திருத்துமுன் எழுதியவனை அறியுங்கள். பெரியோர்களே, திருமணத்திற்கும் விருந்திற்கும் அழைக்கும்போது ‘குழந்தையையும் கட்டாயம் அழைத்து வாருங்கள்’ என்று அப்பெற்றோரிடம் பெயர் சொல்லிக் கூறுங்கள். வந்த பின்னர் ‘ஏன் இப்படி இருக்கிறது?’ என்று மட்டும் கேட்காதீர்கள். அக்கேள்வியே பல வீடுகளில் கதவைச் சாத்துகிறது.

மயிலாப்பூர் இல்லத்திற்கு வருவோம். படத்தைப் பார்த்த மறுவாரம் நண்பரிடம், “கதவு திறந்தே இருக்கட்டும், நாம் குரலைத் தாழ்த்திப் பேசுவோம்” என்றோம். அவர் தயங்கினார், அவருடைய துணைவியார் எழுந்து சென்று திறந்தார். அன்று குழந்தை வெளியே வரவில்லை. அதற்கடுத்த முறையும் வரவில்லை. ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது இத்தகைய குழந்தைகள் பலருக்கு இயல்பு. அடுத்து வருவது இன்னது என்று தெரிந்திருப்பது அவர்களுக்கு அமைதி தருகிறது என்று பின்னர் அறிந்தோம். ஆதலால் நாமும் ஒரே கிழமையில், ஒரே நேரத்தில், ஒரே நாற்காலியில் அமரலானோம். சில திங்கள்கள் கழித்து ஒரு மாலையில் அவள் வந்து நமக்கு எதிரே தரையில் அமர்ந்து, தன் வண்ணப் பென்சில்களை நீளவாக்கில் அடுக்கத் தொடங்கினாள்.

அவள் இன்றும் பேசுவதில்லை. நம்மை நிமிர்ந்து நோக்குவதும் அரிது. எந்தத் தனித்திறனும் அவளிடம் வெளிப்படவில்லை. வெளிப்பட வேண்டும் என்று எவரும் காத்திருக்கவும் இல்லை. விருந்தினர் வரும்போது அவள் கூடத்தில் இருக்கிறாள். அவ்வளவே.